மருந்தை நேராக மூளைக்குள்ளேயே செலுத்திவிட முடியாதா, டாக்டர்?

வாசகர் கடிதம்:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் வீட்டுக்காரருக்கு 61 வயது. எட்டு வருடமாக பார்க்கின்சன் (நடுக்குவாத நோய்). சின்டோபா மாத்திரை ஒரு நாளைக்கு ஐந்து வேளை போடுகிறார். முன்பெல்லாம் ஒரு மாத்திரை போட்டால் அரை நாள் தாங்கும், இப்போது மூன்று மணி நேரத்திலேயே கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறார். சில நாள் காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டால் அது வேலையே செய்வதில்லை. என் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ காட்டினான். இங்கிலாந்தில் ஒருவருக்குக் காதுக்குப் பின்னால் பிளக் மாதிரி ஒன்றை வைத்து, அதன் வழியாக நேராக மூளைக்கு மருந்து செலுத்துகிறார்கள், அவர் நன்றாக நடக்கிறார். இங்கே ஒரு தனியார் இடத்தில் விசாரித்தோம். அந்த மருந்து இல்லை, ஆனால் முதுகுத்தண்டு வழியாக, வேறு செல்லாக வளரக்கூடிய ஸ்டெம் செல் போடுகிறோம், அதுவும் மூளைக்குத்தான் போகும், மூன்று ஊசி, ஆறரை லட்சம் என்கிறார்கள். முக்கால் ஏக்கர் கிணற்றடி நிலம் இருக்கிறது. விற்றுவிட்டுச் செய்யலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அம்மா, நிலத்தை விற்க வேண்டாம். யாரிடமாவது அட்வான்ஸ் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று கீழே விவரமாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், மகனையும் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவன் காட்டிய வீடியோ பொய் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த ஆராய்ச்சி நிஜமாகவே நடந்தது, நான் பல வருடம் ஆவலோடு காத்திருந்து படித்த ஆராய்ச்சி அது.

முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன். நோய் மூளையில், மருந்து வயிற்றில், எதற்கு இந்தச் சுற்று வழி? நியாயமான கேள்வி. மூளைக்குள் ஓடும் ரத்தக்குழாய்களின் உட்சுவர் மற்ற இடங்களில் இருப்பது போல இல்லை. செல்கள் இடைவெளியே விடாமல் ஒன்றோடொன்று தைத்து வைத்ததுபோல ஒட்டியிருக்கும். 1885-இல் ஜெர்மனியில் பால் எர்லிக் ஒரு சாயத்தை விலங்குகளின் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தபோது உடம்பு முழுக்க நிறம் ஏறியது, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. 1913-இல் எட்வின் கோல்ட்மன் அதையே திருப்பிச் செய்தார். சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீரில் செலுத்தினார், மூளையில் நிறம் ஏறியது, மற்ற உறுப்புகளுக்குப் போகவில்லை. நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது என்பது அப்படித்தான் தெரிய வந்தது. ரத்தத்தில் கலக்கும் நஞ்சும் கிருமியும் மூளைக்குப் போகாமல் காக்கிற தடுப்பு அது. நாம் கொடுக்கிற மருந்துகளில் பெரும்பாலானவற்றையும் அது வெளியிலேயே நிறுத்திவிடுகிறது.

உங்கள் வீட்டுக்காரருக்குக் குறைவது டோபமின், உடம்பின் அசைவுக்கு மூளையில் சுரக்க வேண்டிய ரசாயனம். டோபமினையே மாத்திரையாகக் கொடுத்தால் அந்தத் தடுப்பைத் தாண்டாது. அதனால்தான் லெவோடோபா கொடுக்கிறோம். அது பார்ப்பதற்கு ஒரு அமினோ அமிலம் போலவே இருக்கும், புரதச் சத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களை மூளைக்குள் ஏற்றி விடுவதற்கென்று ஒரு தனி வாசல் உண்டு, லெவோடோபா அந்த வாசல் வழியாக உள்ளே போய் அங்கே டோபமினாக மாறுகிறது. சின்டோபாவில் கூடவே கார்பிடோபா என்று இன்னொன்று சேர்த்திருப்பது, போகிற வழியிலேயே அது டோபமினாக மாறி வீணாகாமல் இருப்பதற்காக. ஆக நீங்கள் தினம் ஐந்து வேளை எடுத்துக் கொடுக்கிற அந்த மாத்திரையே மூளைக்குள் மருந்தைச் சேர்க்க மனிதன் கண்டுபிடித்த வழிகளில் இன்றுவரைக்கும் மிகச் சிறந்த ஒன்று. இதை மனதில் வையுங்கள், காலை டிபன் விஷயத்துக்கு இதை வைத்துத்தான் திரும்பி வருவேன்.

சரி, வீடியோவுக்கு வருவோம். அது இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் நடந்தது. மருந்தின் பெயர் ஜிடிஎன்எஃப், 1993-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு புரதம், டோபமின் சுரக்கிற நரம்புச் செல்களை உயிரோடு வைத்திருக்கவும் புதுக் கிளை விட வைக்கவும் கூடியது. நோயையே திருப்பிப் போட்டுவிடலாமோ என்ற நம்பிக்கை இதனால்தான் வந்தது. ஆனால் அது பெரிய மூலக்கூறு, தடுப்பைத் தாண்டவே தாண்டாது. முதலில் மூளையின் நடுவில் உள்ள நீர் அறைகளுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். 50 நோயாளிகள். குமட்டல் வந்தது, எடை குறைந்தது, நடையில் முன்னேற்றம் வரவில்லை. மூளை நீரில் கலந்த மருந்து, வேலை நடக்க வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

இதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உங்களிடம் ஆறரை லட்சம் கேட்பவர்களும் இந்த நீரை நம்பித்தான் பேசுகிறார்கள். மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றி ஏறக்குறைய 150 மில்லி நீர் இருக்கிறது. தினம் 500 மில்லி அளவுக்குப் புதிதாக ஊறுகிறது, பழையது வடிந்து ரத்தத்துக்குப் போய்விடுகிறது. கிணற்றடி நிலம் வைத்திருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாததா, ஊறிக்கொண்டே வடிந்துகொண்டே இருக்கிற தண்ணீரில் ஊற்றுகிற மருந்து எத்தனை நேரம் நிற்கும்? இடுப்பருகே முதுகில் ஊசி போட்டு விடுவது எதுவானாலும் அங்கிருந்து மேலே ஏறி, மூளையின் ஆழத்தில், டோபமின் வேலை செய்கிற, ஒரு சின்னப் பேரீச்சம்பழம் அளவே இருக்கிற புட்டாமென் என்ற பகுதிக்குள் புகுந்து, அங்கே டோபமின் சுரக்கிற செல்லாக மாறி வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

முதுகு வழியாகப் போடும் மருந்து எதுவுமே பயன்படாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதுகுத்தண்டுச் செல்கள் அழிந்து தசைகள் சூம்பிப்போகிற ஒரு பரம்பரை நோய் குழந்தைகளுக்கு வரும், எஸ்எம்ஏ என்பார்கள். அதற்கு நுசினெர்சென் என்ற மருந்தை முதுகு வழியாகத்தான் போடுகிறோம், 2016 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, உட்காரவே மாட்டார்கள் என்று கைவிடப்பட்ட குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே சேதம் முதுகுத்தண்டிலேயே இருக்கிறது, மருந்து ஊற்றுகிற நீர் அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பார்க்கின்சனில் அந்தப் பொருத்தம் இல்லை.

பிரிஸ்டல்காரர்கள் அதனால் புட்டாமெனுக்குள்ளேயே மெல்லிய குழாயை இறக்கினார்கள். இறக்கிவிட்டால் போதுமா என்றால் போதாது. வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். நோன்பு காலத்தில் கடற்பாசி காய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றி உறைய விடுவார்கள் இல்லையா, அதைக் கொஞ்சம் இளக்கமாகக் காய்ச்சி ஆறவிட்டு, மேலே ஒரு சொட்டு நீல மையை விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் மை சில மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கும். இப்போது ஊசியால் உள்ளே குத்தி ஒரே அழுத்தாக அழுத்துங்கள், மை உள்ளே பரவாமல் ஊசியை ஒட்டியே மேலே பொங்கி வந்துவிடும். மூன்றாவது தடவை, கை நடுங்காமல், சொட்டுச் சொட்டாக, மிக மிக மெதுவாகத் தள்ளுங்கள். அப்போதுதான் மை ஒரு உருண்டையாக உள்ளேயே விரியும். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஆராய்ச்சிக்கூடத்திலும் மூளைக்குப் பதிலாக இதே கடற்பாசியிலிருந்து எடுக்கிற அகரோஸை 0.6 சதவீதத்தில் காய்ச்சி வைத்துத்தான் குழாய்களைச் சோதிக்கிறார்கள். நிமிடத்துக்குச் சில மைக்ரோலிட்டர் என்ற கணக்கில், அதாவது ஒரு மில்லியின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதில் சில, அவ்வளவு மெதுவாக அழுத்தத்தோடு தள்ளுகிற முறை 1990-களில் அமெரிக்காவில் உருவானது.

முதலில் பிரிஸ்டலில் ஐந்து பேருக்குச் செய்து 2003-இல் எழுதினார்கள், ஒரு வருடத்தில் நடையும் கையும் ஏறக்குறைய 40 சதவீதம் தேறியிருந்தது. ஊரே திரும்பிப் பார்த்தது. உடனே ஆம்ஜென் என்ற மருந்துக் கம்பெனி 34 பேரை வைத்து, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் திரவம், யாருக்கு எது என்று தெரியாமல் பரிசோதித்தது. ஆறு மாதத்தில் இரு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. 2004-இல் நிறுத்திவிட்டார்கள். தாங்கள் தேறியதாக உணர்ந்த நோயாளிகள் மருந்தைத் தொடரச் சொல்லி கோர்ட்டுக்கே போனார்கள், கிடைக்கவில்லை. அவர்கள் மனநிலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

பிரிஸ்டல் அறுவை மருத்துவர் ஸ்டீவன் கில் விடவில்லை. குழாயைத் திருத்தி, ரோபோ உதவியோடு பக்கத்துக்கு இரண்டு என நான்கு குழாய்களை இறக்கி, அவற்றின் முனையைக் காதுக்குப் பின்னால் எலும்பில் பொருத்திய டைட்டானியம் வாசலில் கொண்டுவந்து சேர்த்தார். உங்கள் மகன் பார்த்த பிளக் அதுதான். மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து அதில் ஒயர் மாட்டுவதுபோல மாட்டிக்கொண்டு மருந்து ஏற்றிக்கொள்வார்கள். முதலில் ஆறு பேர், அப்புறம் 35 பேர். இந்த 35 பேரில் பாதிப் பேருக்கு வெறும் திரவம்தான், ஆனால் மண்டையைத் துளைப்பது எல்லாருக்கும் உண்டு. தனக்கு மருந்து வராமலே போகலாம் என்று தெரிந்து, பின்னால் வருகிறவர்களுக்காக மண்டையைக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

முடிவு 2019-இல் வந்தது. ஒன்பது மாதத்தில், மாத்திரை போடாத நிலையில் அசைவைச் சோதித்தபோது, மருந்து போனவர்கள் சராசரியாக 17 சதவீதம் தேறியிருந்தார்கள். வெறும் திரவம் போனவர்கள் 12 சதவீதம் தேறியிருந்தார்கள்! வித்தியாசம் தற்செயலாகவே வந்திருக்கலாம் என்கிற அளவுக்குச் சின்னது. ஆனால் மூளை ஸ்கேனில் மருந்து போனவர்களின் புட்டாமெனில் டோபமின் வேலை நிஜமாகவே கூடியிருந்தது, சில பகுதிகளில் இரட்டிப்பு, திரவம் போனவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அடுத்த ஒன்பது மாதம் எல்லாருக்கும் மருந்தையே கொடுத்தார்கள், எல்லாரும் இன்னும் தேறினார்கள், ஆனால் தனக்கு மருந்துதான் போகிறது என்று அப்போது எல்லாருக்கும் தெரியும், அதனால் அதை வைத்து அடித்துச் சொல்ல முடியவில்லை. என் கருத்தைக் கேட்டால், மருந்தை சரியான இடத்தில் சேர்க்கும் வேலையை பிரிஸ்டல் செய்து காட்டிவிட்டது, அந்த மருந்தால் மனிதர் நன்றாக நடப்பார் என்பதைத்தான் நிரூபிக்க முடியவில்லை. இரண்டும் வேறு வேறு என்பதைப் படித்தவர்களே பல நேரம் குழப்பிக்கொள்கிறார்கள். ஜிடிஎன்எஃப் இன்றைக்கு எந்த நாட்டிலும் பார்க்கின்சனுக்கு அனுமதி பெற்ற மருந்து இல்லை.

அப்படியானால் வெறும் திரவத்துக்கு 12 சதவீதம் எப்படி வந்தது? அந்த வீடியோக்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது. 2001-இல் கனடாவில் வான்கூவரில் ஒரு ஸ்கேன் ஆராய்ச்சி செய்தார்கள், மருந்து என்று நம்பி வெறும் ஊசி போட்டுக்கொண்ட பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் நிஜ டோபமினே சுரந்தது. நம்பிக்கை இந்த நோயில் உடம்பையே கொஞ்ச நாள் நகர்த்தும். அது நடிப்பில்லை, ஏமாற்றும் இல்லை. என்னிடம் ஒருவர் வந்தார், ரிட்டயர்டு வாத்தியார், உங்களிடம் சொன்னது போன்ற ஊசியைப் போட்டுக்கொண்டவர், ஊசிக்கு முன் ஒன்று, ஊசிக்குப் பின் ஒன்று என்று இரண்டு வீடியோ கொண்டுவந்தார். இரண்டாவது வீடியோவில் நிஜமாகவே நன்றாக நடந்தார், திண்ணையில் ஏறி இறங்கினார். அந்த நடை ஐந்து வாரம் இருந்தது. அப்புறம் பழையபடி. வீட்டம்மாவின் வளையல்கள் போயிருந்தன. அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான், "இன்னொரு ஊசி போட்டால் மறுபடி அப்படி நடப்பேனா டாக்டர்?" அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இந்த மாதிரிக் கடிதங்களுக்கு முதல் வரியிலேயே பதில் சொல்வது என்று முடிவு செய்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் போட்ட ஸ்டெம் செல் வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கெனவே நிலைபெற்ற சிகிச்சைகளைத் தவிர்த்து மற்றதெல்லாம் ஆராய்ச்சி, முறையாகப் பதிவு செய்த ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம், காசு வாங்கிக்கொண்டு சிகிச்சை என்று விற்கக் கூடாது. அந்த இடத்துக்கு மகனை அனுப்பி மூன்றே மூன்று கேட்கச் சொல்லுங்கள். இது ஆராய்ச்சி என்றால் சிடிஆர்ஐ (மருத்துவப் பரிசோதனைகளைப் பதிவு செய்யும் இந்தியப் பதிவேடு) பதிவு எண் என்ன? அறநெறிக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் காட்டுவீர்களா? ஆராய்ச்சி என்றால் எங்களிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்? நேர்மையான ஆராய்ச்சியில் சோதிக்கிற மருந்துக்கு நோயாளி பணம் கொடுப்பதில்லை.

மூளைக்குள் நேராக மருந்து என்பதே கனவு என்றும் நினைத்துவிடாதீர்கள். ஏஏடிசி குறைபாடு என்று ஒரு அபூர்வ நோய், டோபமினையே உண்டாக்க முடியாமல் பிறக்கிற குழந்தைகள், தலையைக்கூட நிமிர்த்த முடியாது. அவர்களுக்குக் குறைகிற ஜீனை ஒரு வைரஸில் ஏற்றி, அதே புட்டாமெனுக்குள், ஒரே ஒரு தடவை செலுத்துகிறார்கள். தைவானில் தொடங்கிய வேலை, 2022-இல் ஐரோப்பாவிலும் 2024-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. கழுத்து நின்று, உட்கார்ந்து, சில குழந்தைகள் நடக்கவும் செய்தார்கள். ஒரு ஜீன்தான் குறை, அதைச் சரியான இடத்தில் வைத்ததும் பலன் தெரிந்தது. பார்க்கின்சனில் பல விஷயங்கள் பல வருடம் சேர்ந்து கெடுகின்றன, அதனால்தான் தாமதம். ஜிடிஎன்எஃப்-ஐயே ஜீனாக ஏற்றுவதும், ஸ்டெம் செல்லிலிருந்து டோபமின் செல்லை வளர்த்து மூளைக்குள்ளேயே வைப்பதும் இப்போது முறையான பரிசோதனையில் இருக்கின்றன. ஜப்பானில் கியோட்டோவில் ஏழு பேருக்கு அப்படிச் செல் வைத்து 2025-இல் எழுதினார்கள். கவனியுங்கள், அவர்களும் மண்டையைத் துளைத்துப் புட்டாமெனில்தான் வைத்தார்கள், முதுகில் ஊசி போடவில்லை.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது "டிபன் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டால்" என்ற வரி. மேலே ஒரு வாசல் சொன்னேனே, குடலிலிருந்து ரத்தத்துக்கும் ரத்தத்திலிருந்து மூளைக்கும் லெவோடோபா அந்த மாதிரி வாசல் வழியாகத்தான் போக வேண்டும், சாப்பாட்டில் வரும் புரதமும் அதே வாசலுக்குத்தான் முட்டிக்கொண்டு நிற்கும். போதாததற்கு வயிறு நிறைந்திருந்தால் மாத்திரை குடலுக்கு இறங்கவே நேரமாகும். வெறும் இட்லி என்றால் அவ்வளவு பாதகமில்லை, கூடவே ஒரு டம்ளர் பால், முட்டை, சுண்டல் என்று இருந்தால் அந்த வேளை மாத்திரை பாதி வீணாகிற ஆட்கள் உண்டு. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பாக, வெறும் தண்ணீரில் கொடுங்கள். குமட்டினால் ஒரு பிஸ்கட் தரலாம், பால் வேண்டாம். சாப்பிட்டுவிட்டார் என்றால் ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள். புரதத்தை நிறுத்திவிடக் கூடாது, உடம்பு கரைந்துவிடும், அதை ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளி வையுங்கள் போதும். மலச்சிக்கல் இருந்தால் அதற்கும் மருந்து கேளுங்கள், வயிறு மந்தமாக இருந்தாலும் மாத்திரை ஏறாது. யாராவது பூனைக்காலிப் பொடி கொடுத்தால் உங்கள் இஷ்டத்துக்குச் சேர்க்காதீர்கள், அதில் இருப்பதும் லெவோடோபாதான், கணக்கு தெரியாமல் கூடிப்போனால் கை கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது, ஆபத்து.

இத்தனைக்கும் பிறகு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை என்றால் நரம்பியல் டாக்டரிடம் வேளையையும் அளவையும் பிரித்துப் போடுவது பற்றியும், லெவோடோபாவை நீண்ட நேரம் நிற்க வைக்கிற என்டகபோன் போன்ற துணை மருந்துகள் பற்றியும், தோலுக்கு அடியில் போடும் அபோமார்ஃபின் என்ற மருந்து பற்றியும் பேசுங்கள். டிபிஎஸ் என்கிற, மூளைக்குள் மெல்லிய மின்கம்பி வைக்கும் அறுவை சிகிச்சைக்கு இவர் பொருந்துவாரா என்றும் கண்டிப்பாகக் கேளுங்கள். அதுவும் மூளைக்குள் நேராகத்தான் போகிறது, மருந்துக்குப் பதில் மின்சாரம். பிரான்சில் 1987-இல் தொடங்கி இத்தனை வருடம் உலகம் முழுக்கச் செய்து பார்த்தது. மாத்திரை போட்டால் நன்றாக நடக்கிறார், தீர்ந்தால் முடங்குகிறார், நினைவு தெளிவாக இருக்கிறது என்றால் அவருக்கு அது உதவ வாய்ப்பு அதிகம். நோயைக் குணப்படுத்தாது, நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு வரும் ஆபத்தும் உண்டு, செலவும் கூடுதல், இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம், பெங்களூர் நிம்ஹான்ஸ் இரண்டிலும் இதற்கென்றே நல்ல பிரிவுகள் இருக்கின்றன, அங்கே போய் "பொருந்துவாரா" என்று பார்க்கச் சொல்வதற்கு நிலத்தை விற்க வேண்டியதில்லை.

போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நோட்டில் காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி வரைக்கும் மணிக்கு ஒரு கோடு போட்டு, மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், என்ன சாப்பிட்டார், எப்போது நன்றாக நடந்தார், எப்போது கால் ஒட்டியது, எப்போது தானாக ஆடினார் என்று மூன்று நாள் எழுதுங்கள். அப்புறம் மகனிடம் சொல்லி, காலை முதல் மாத்திரைக்கு முன் அவர் கட்டிலிலிருந்து எழுந்து வாசல் வரை நடப்பதை ஒரு வீடியோ, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து அதே நடையை இன்னொரு வீடியோ, இரண்டையும் போனில் எடுக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டையும் போனையும் டாக்டர் மேசையில் வையுங்கள்.